ஒசாகாவுக்கு ஐந்து நாள்

வரைபடத்தை விரித்தபோது எங்கள் வீட்டுத் தரை அதற்குப் போதவில்லை. ஒரு மூலை அடுப்படிக்குப் போனது. இன்னொரு மூலை சுருண்டு சுருண்டு வந்ததால் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டேன். புஷ்பா நடுவில் குந்தியிருந்தாள்.

"கால எடுங்கப்பா. கடல்ல நிக்கிறீங்க."

குனிந்து பார்த்தேன். நீல நிறத்தில்தான் நின்றிருந்தேன்.

"இதுதான் ஒசாகா. அஞ்சு நாள். நானும் மெஹ்ரீனும் போறோம். டோ கின் ஸோ இன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க."

டோ கின் ஸோ என் மகளின் முதலாளியம்மா. தாமுவே வட்டாரத்தில் ஒரு மாடியில், புஷ்பா, மெஹ்ரீன் உட்பட ஆறு பேரை வைத்துச் சுற்றுலா கம்பெனி நடத்துகிறார். ஜப்பானிலிருந்து வரும் வயதானவர்களை அழைத்துப் போய் பகோடா என்ற புத்தர் கோயில்களைக் காட்டுவது புஷ்பாவின் வேலை. அந்த வருஷம், இரண்டாயிரத்து நாலு, மழை விட்ட சமயத்தில், ஒசாகாவில் இவர்களோடு தொழில் செய்யும் கம்பெனி இரண்டு பேரை அழைத்திருந்தது. வந்து எங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள், எங்கள் ஆட்களுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள் என்று. எங்கெங்கே போவது, எதைப் பார்ப்பது என்ற திட்டத்தைப் புஷ்பாதான் போடவேண்டும்.

"எழுதுங்கப்பா. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க."

அவளுக்குத் தமிழ் பேசவரும், எழுத வராது. பர்மிய எழுத்தும் ஜப்பான் எழுத்தும்தான் அவள் கைக்குப் பழக்கம். நானோ நாற்பத்துநாலு வயதில் கோயில் மண்டபத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அ, ஆ போட்டவன். எனக்குப் பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்று அவள் மளிகைச் சாமான் பட்டியலைக்கூட என்னைத்தான் எழுதச் சொல்வாள். அப்படித்தான் ஒசாகாவும் என் கையெழுத்துக்கு வந்தது.

நோட்டை எடுத்தேன். "பாஸ்போர்ட்டுக்கு என்ன வழி?" என்று கேட்டேன்.

"டோ கின் ஸோ ஆள் பாக்குறாங்க. வெள்ளை அட்டைன்னாலும் ஏதாவது செய்யலாமாம். நீங்க எழுதுங்க. முதல் நாள்."

வெள்ளை அட்டை என்பது தற்காலிக அட்டை. இந்த ஊர்க்காரரா இல்லையா என்று இன்னும் முடிவு சொல்லாதவர்களுக்குக் கொடுப்பது. அதை வைத்துக்கொண்டு குடியிருக்கலாம், வேலை செய்யலாம். பாஸ்போர்ட் கேட்க முடியாது. அப்பாவின் அட்டை தொலைந்துபோனதால் தனக்கு வெள்ளை அட்டை வந்தது என்று புஷ்பா நினைத்துக்கொண்டிருந்தாள்.

என் அட்டை தொலையவில்லை. அவள் தலைக்கு மேலே, சுவரில் மாட்டியிருந்த காளியம்மா படத்துக்குப் பின்னால் இருந்தது.

தொண்ணூறாம் வருஷம் பழைய பச்சை அட்டையைக் கொடுத்துவிட்டுப் புது அட்டைக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்குள் ஒரு பேச்சு ஓடியது: கையில் இருக்கிற காகிதத்தைக் கொடுத்தவன் கப்பல் ஏறியவன்தான் என்று. எனக்கு அந்தப் பேச்சு தேவையே இல்லை. அறுபத்துநாலில் எங்கள் ஆட்களை நாட்டைவிட்டு அனுப்பியபோது என் பெரியப்பா குடும்பம் கப்பலேறியதை நான் கண்ணால் பார்த்தவன். பதினோரு வயது எனக்கு. துறைமுகத்தில் ஒரு மேசை போட்டு, வரிசையில் வந்தவர்களின் காகிதங்களை வாங்கி அடுக்கினார்கள். அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. பெரியப்பா திரும்பித் திரும்பி அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அதனால் நான் கொடுக்கவில்லை. எண்பத்தெட்டாம் வருஷத்துக் கலவரத்தில் தொலைந்துபோனது என்று சொல்லிவிட்டுப் பெருவிரலை உருட்டிவிட்டு வந்தேன். அந்த வருஷத்தில் யார் யாருக்கோ என்னென்னவோ தொலைந்திருந்தது. யாரும் மறுத்துக் கேட்கவில்லை. என் மனைவி அம்சவேணி அட்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, படச் சட்டத்துக்குப் பின்னால் வைத்து, பழுப்புக் காகிதம் போட்டுக் கஞ்சிப் பசையால் ஒட்டினாள். மேலே பலகை வைத்து நான் ஆணி அடித்தேன். கொடுத்தவர்களுக்குக் கொஞ்ச வருஷத்தில் புது அட்டை வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் வெள்ளை வந்தது.

புஷ்பா படிப்பை முடித்து டீச்சர் வேலைக்குப் போனபோது அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அன்று நான் எடுத்துக் கொடுத்திருக்கலாம். பொய் சொல்லி விரல் வைத்ததற்கு உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். அம்சவேணியும் சும்மா இருங்க என்றாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சங்கதி தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

"என்னப்பா, எழுதலியா?"

"சொல்லு தாயி."

*

முதல் நாள் கோட்டை. எட்டு மாடி, உள்ளே லிப்ட் உண்டு என்றாள். ராஜா காலத்துக் கோட்டைக்குள்ளே லிப்டா என்று கேட்டேன். "ராஜாவுக்கும் முழங்கால் வலி இருந்திருக்கும்" என்றாள். இரண்டாம் நாள் மீன் காட்சிசாலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லாரி நீளத்துக்கு ஒரு சுறா நீந்துமாம். மூன்றாம் நாள் வட்ட ரயில்.

"நம்ம ஊர் வட்ட ரயில் மாதிரியா?"

"அதே மாதிரிதான். ஊரைச் சுத்தி வரும். ஆனா நாப்பது நிமிஷத்துல சுத்திருமாம்."

நம் ரயில் மூன்று மணி நேரம் சுற்றும். "அப்ப அங்க ஜனங்க எப்ப தூங்குவாங்க?" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பென்சில் உருண்டு அடுப்படிக்குப் போனது.

நாலாம் நாள் சாப்பாட்டுக் கடைத் தெரு. கடை வாசலில் கார் அளவுக்கு ஒரு நண்டு பொம்மை காலை ஆட்டிக்கொண்டிருக்கும் என்றாள். எல்லாவற்றையும் எழுதினேன். எழுத்துக் கூட்டி எழுதும்போது எனக்கு நாக்கு வெளியே வந்துவிடும். அதைப் பார்த்து அவள் வாய்க்குள் சிரித்தாள். அப்படி அவள் சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு வரி எழுதும்போதும் இது நடக்காது, நடக்காதது உன்னால்தான் என்று ஒன்று உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. பென்சிலை அழுத்திப் பிடித்தேன். முனை இரண்டு தடவை ஒடிந்தது.

"அஞ்சாம் நாள் காலைல ப்ரீதான். உங்களுக்கு என்ன பாக்கணும், சொல்லுங்க. நான் உங்களுக்காகப் பாத்துட்டு வரேன்."

எனக்கு ஒசாகாவைத் தெரியும். எழுத்துத் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும். நான் மூட்டை தூக்கும் அலோன் துறைமுகத்தில் இறங்கும் மரப்பெட்டிகளில் அந்தப் பெயர் கறுப்பு மையில் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு வட்டம், ஒரு பாம்பு, ஒரு கூரை, கால் அகட்டிய ஒருத்தன், மறுபடியும் ஒரு கூரை. அந்தக் குறி இருந்தால் மெஷின் சாமான், ஆறு பேர் வேண்டும் என்று எங்களுக்குக் கணக்கு. அந்தப் பெட்டிகளை அந்தப் பக்கம் ஏற்றுகிறவன் எப்படி ஏற்றுகிறான் என்று முப்பது வருஷமாக எனக்கு ஒரு யோசனை.

"துறைமுகம்," என்றேன். "அங்க எங்களமாதிரி ஆளுங்க இருக்காங்களான்னு பாரு."

"அங்க எல்லாம் கிரேன்தான் தூக்கும்."

"கிரேனுக்குக் கீழ ஒருத்தன் நிப்பான். அவனப் பாரு."

ஐந்தாம் நாள், துறைமுகம் என்று எழுதினேன். அதுதான் அந்த நோட்டிலேயே கோணாமல் வந்த வரி.

*

மறுநாள் மத்தியானம் கிட்டங்கி நிழலில் சோற்றுக் கேரியரைத் திறந்தபோது அய்யாசாமி வந்து உட்கார்ந்தான். அவனும் நானும் ஒரே கும்பலில் மூட்டை தூக்கத் தொடங்கியவர்கள்.

"மக ஜப்பானுக்குப் போகுதாமே. எனக்கு ஒரு முதுகு வாங்கிட்டு வரச் சொல்லுப்பா. பழசா இருந்தாலும் போதும். அங்கேருந்து பஸ்ஸெல்லாம் பழசுதானே வருது."

"சொல்றேன்."

"எந்த அட்டைல போகுது?"

"அவங்க முதலாளியம்மா வழி பாக்குறாங்க."

அய்யாசாமி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "நான் பழைய அட்டைய குடுத்தேன். மூணு வருஷம் அலைய விட்டாங்க. ஆனா வந்துச்சு. இப்ப என் பய பாலா மலேசியால கோழி வெட்டுறான்" என்றான்.

"நீ குடுத்துவச்சவன்."

"குடுத்து வாங்கினவன்." அவன் என்னைப் பார்க்கவில்லை. "வரிசைல நீ எனக்கு முன்னால நின்ன. தொலஞ்சுபோச்சுன்னு சொன்ன. அதுக்கு முந்தின வாரம் டீக்கடைல அட்டைய என்கிட்ட காட்டி, போட்டோல மீசை எப்படி இருக்குன்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

நான் கேரியரை மூடினேன்.

"பதினாலு வருஷமா ஏன் கேக்கல?"

"உன் வீட்டுச் சங்கதின்னு இருந்துட்டேன். இப்ப அது உன் சங்கதி இல்ல, அந்தப் புள்ள சங்கதி." கையைக் கழுவ எழுந்தவன் திரும்பி, "மீசை நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

*

அன்று சாயங்காலம் புஷ்பா வரும்போதே முகம் சரியில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, வெள்ளை அட்டைக்கு ஒண்ணும் முடியாதாம். ஆனா உங்க பழைய அட்டை நம்பர் இருந்தா, பழைய ரிஜிஸ்தர்ல தேடிப் பாக்கலாம்னு டோ கின் ஸோ புடிச்ச ஆள் சொன்னாராம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு துப்பு கெடச்சா, ஒசாகாக்காரங்ககிட்ட ரெண்டு மாசம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேப்பாங்களாம். நம்பர் ஞாபகம் இருக்காப்பா? பாதி இருந்தாலும் போதும்."

நம்பர் எனக்கு மனப்பாடம். எழுத்து தெரியாத காலத்திலேயே பர்மிய எண்கள் தெரியும். மூட்டைகளில் பார்த்துப் பழகியவை.

"எனக்கு அப்ப எழுத்துத் தெரியாதே தாயி," என்றேன். "எப்படி ஞாபகம் இருக்கும்?"

அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அதுக்கு ஏன் தலைய குனியறீங்க. உங்க மேல என்ன தப்பு? அந்தக் கலவரத்துல உசுரோட வந்ததே பெருசு."

என் கையில் காய்ப்புகள் உண்டு. அதைத் தடவிக்கொண்டே சொன்னாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு எழுந்து முகம் கழுவி, மல்லிகைச் சரத்தைப் படத்துக்குப் போட்டு, விளக்கேற்றிக் கண்ணை மூடி நின்றாள். உதடு அசைந்தது. அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். எதைக் கேட்டாளோ அது அவள் கைக்கு ஒரு சாண் தூரத்தில், பலகைக்குப் பின்னால் இருந்தது. நான் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவள் கன்னத்தில் தனக்காப் பட்டை அரைத்துப் பூசிக்கொண்டு கிளம்பும்போது, "கொஞ்சம் இரு" என்றேன்.

"பஸ் போயிரும்பா."

"போகட்டும்."

சாமி படத்தைக் கழற்றித் தரையில் குப்புற வைத்தேன். நேற்றுப் போட்ட மல்லிகை அடியில் நசுங்கியது. மூட்டை இழுக்கும் கொக்கியை எடுத்து ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினேன். அவள் பையைக் கீழே வைத்தாள். பழுப்புக் காகிதம் பிய்ந்து வந்தது. பிளாஸ்டிக் தாளை அவளிடம் நீட்டினேன். பிரிக்க எனக்குக் கை வரவில்லை.

அவள் பிரித்தாள். அட்டையின் ஒரு ஓரம் செல்லரித்திருந்தது. மற்றபடி எல்லாம் இருந்தது. என் பெயர், என் அப்பா பெயர், நம்பர், மீசை.

"தொலையல," என்றேன். "நான்தான் பயந்து ஒளிச்சுவச்சேன்."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிறவள் குரல் கொடுத்துக்கொண்டே போனாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவதான் காகிதம் ஒட்டினா."

"நான் டீச்சர் வேலைக்குப் போயிட்டுத் திரும்பி வந்தேனே. இங்கதான் உக்காந்து அழுதேன். அப்பவும் இது இங்கதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நேத்து நம்பர் கேட்டேன்."

நான் நெம்பிய ஆணிகளைப் பொறுக்கினேன்.

"நம்பர் தெரியுமா உங்களுக்கு?"

சொன்னேன். ஒரு எண்கூடத் தவறாமல் சொன்னேன். அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு அதை வரைபடத்தின் மேலேயே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

*

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. படத்துக்குப் பலகையை வைத்து மறுபடி ஆணி அடித்தேன். சுவரில் மாட்டிவிட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தள்ளி நின்றபோது, என்னால் காளியம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் புஷ்பா வந்தாள். கையில் எழுதுகிற தாள் கொஞ்சம் இருந்தது.

"நீங்க சொன்ன நம்பர டோ கின் ஸோகிட்ட எழுதிக் குடுத்தேன். அட்டையே வீட்டுல இருக்குன்னும் சொல்லிட்டேன். அந்த ஆள் பாத்துட்டாராம். வெறும் நம்பர்னா தேடிப் பாத்திருக்கலாம். அட்டையே கைல இருக்குன்னா, தொலஞ்சுபோச்சுன்னு நீங்க குடுத்த வாக்குமூலத்த மொதல்ல மாத்தணுமாம். அதுக்கப்புறம் உங்களுக்குப் புது அட்டை, அதுக்கப்புறம் எனக்கு. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. ஒசாகாக்காரங்க அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டாங்க. என் எடத்துல வேற ஒருத்தி போறா."

"அட்டை கைல இருக்குன்னு நீ சொல்லாம இருந்திருக்கலாமே தாயி."

"ஒளிச்சுவைக்க நானும் கத்துக்கணுமா?"



அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தாள். "நோட்ட எடுங்க. திட்டத்த மெஹ்ரீனுக்குக் குடுக்கணும். நாளைக்கே வேணுமாம். நீங்க படிங்க, நான் பர்மியில எழுதிக்கிறேன்."

படித்தேன். நான் படிப்பது மெதுவாகத்தான் இருக்கும். அன்று இன்னும் மெதுவாக வந்தது. முதல் நாள், கோட்டை. லிப்ட் உண்டு. அவள் எழுதினாள். இரண்டாம் நாள், சுறா. எழுதினாள். வட்ட ரயில் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நண்டு பொம்மைக்குப் பக்கத்தில், புஷ்பா போட்டோ எடுக்கணும் என்று நானே அவளுக்குத் தெரியாமல் எழுதிவைத்திருந்தேன். அதையும் படித்துவிட்டேன். அவள் பேனா நின்றது. பிறகு மெஹ்ரீன் என்று எழுதினாள் என்று நினைக்கிறேன். அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது.

"அஞ்சாம் நாள்," என்றேன். "காலைல துறைமுகம்."

"அத அடிச்சிருங்க."

நிமிர்ந்து பார்த்தேன்.

"மெஹ்ரீனுக்குத் துறைமுகத்துல என்ன இருக்கு? அவ கடைக்குப் போகட்டும். அடிங்கப்பா."

பென்சிலால் கோடு போட்டேன். எழுத்து தெரிந்தது. இன்னொரு கோடு போட்டேன். அதுவும் போதவில்லை. தாள் கறுத்து, அடுத்த பக்கத்தில் பள்ளம் விழும்வரை போட்டேன்.

"திங்கக்கிழமை வார்டு ஆபீஸுக்குப் போறேன்," என்றேன்.

"போங்க. நான் வரமாட்டேன். நீங்க சொன்ன பொய்ய நீங்கதான் போய் ஒத்துக்கணும்."

*

திங்கட்கிழமை சட்டை போட்டு, புதுக் கைலி கட்டிக்கொண்டு போனேன். மாற்று உடுப்பு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டேன். உள்ளே வைத்துவிட்டால் வேண்டியிருக்குமே என்று. பெஞ்சில் பத்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். என்னைக் கூப்பிட்ட எழுத்தருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அட்டையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"ஊலே, இது எங்கே கிடைத்தது?" என்று பர்மியில் கேட்டார். ஊலே என்றால் மாமா, மரியாதையாகத்தான் கேட்டார்.

கிடைத்தது என்று ஒரு வார்த்தை அவரே கொடுத்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும். பெட்டிக்கு அடியில் கிடைத்தது, வீட்டைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது என்று எதையாவது சொல்லலாம். என் நாக்கில் அது வந்தே விட்டது. உள்ளே போடமாட்டார்கள், அலைச்சலும் குறையும்.

"கிடைக்கவில்லை ஐயா," என்றேன். "என்னிடமே இருந்தது. கொடுக்கப் பயந்து தொலைந்ததாகச் சொன்னேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உள்ளறைக்குப் போனார். இன்னொரு பெரியவரோடு வந்தார். பெரியவர் என்னையும் அட்டையையும் போட்டோ மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனை வருஷம் என்று கேட்டார். சொன்னேன். இப்போது ஏன் என்று கேட்டார். மகள் ஒசாகாவைப் பார்க்கவேண்டும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, எழுதிக்கொள் என்று எழுத்தரிடம் சொன்னார். எழுதி முடித்ததும் விரல் வைத்தேன். மார்கழி கழித்து வரச் சொன்னார்கள். அப்போது அபராதமா வேறு ஏதாவதா என்று தெரியும், புது அட்டை பேச்சு அதற்குப் பிறகு என்றார்கள்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. எதிர் டீக்கடையில், தாழ்ந்த முக்காலியில் புஷ்பா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்த டீயில் ஏடு படிந்திருந்தது. வெகுநேரமாக அங்கே இருந்திருக்கிறாள்.

போய் எதிரில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். அவள் என் பையைப் பார்த்தாள். மேலே கைலி நீட்டிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு?"

"உள்ள வச்சுட்டா மாத்திக்க."

அவள் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜப்பான் எழுத்தோடு ஒரு பழைய பஸ் எங்களுக்கு முன்னால் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. வேறு நாளாக இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படித்துச் சொல்லியிருப்பாள்.

"என்ன எழுதிக்கிட்டாங்க?" என்று கேட்டாள்.

"தொலையலன்னு."

"கெடச்சிருச்சுன்னு எழுதலியா?"

"அப்படித்தான் கேட்டாங்க. நான் மாத்திச் சொன்னேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு எனக்கு ஒரு டீ சொன்னாள். வந்த டீ சூடாக இருந்தது; நான் அதை ஆற்றாமல் குடித்தேன்.